கனமான பெட்டிக்கு எந்த டேப்? பிரவுன் முதல் பட்டை வரை ஒரு ஒப்பீடு

சாயல்குடிப் பக்கம் கருப்பட்டி அனுப்புகிறவரும், தங்கச்சிமடத்தில் கருவாட்டுப் பார்சல் போடுகிறவரும், கீழக்கரையில் துபாய்க்குப் பெட்டி கட்டுகிறவரும் கேட்பது ஒரே கேள்விதான்: "டேப் பிச்சுக்கிட்டுப் போகுது, இன்னும் கெட்டியான டேப் எது?" கடைக்காரர் விலை கூடின சுருள் ஒன்றை எடுத்து நீட்டுவார். உள்ளே நூல் ஓடுகிற டேப், யானை இழுத்தாலும் அறாது என்பார். அறாதுதான், அதில் பொய் இல்லை.

ஆனால் பிரிந்து போன பெட்டியை ஒருமுறை நன்றாகப் பாருங்கள். டேப் அறுந்து கிடக்கிறதா, இல்லை முழுசாக இருந்துகொண்டே அட்டையை விட்டுக் கழன்று நிற்கிறதா? நம் ராமநாதபுரம் கரையில் பெரும்பாலும் இரண்டாவதுதான் நடக்கிறது. கடற்காற்றின் ஈரம், உப்பு, மீன் எண்ணெய், மிளகாய்த் தூசி, சித்திரை வெயிலில் மூடிக் கிடக்கும் லாரியின் சூடு எல்லாமே பசையைத்தான் முதலில் தாக்குகின்றன. பசை விட்டுவிட்டால் மேலே எத்தனை நூல் ஓடினாலும் பயனில்லை. அதனால் "எது கெட்டி" என்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் சில இருக்கின்றன.

## எதை வைத்து முடிவு செய்வது

எதன்மேல் ஒட்டப் போகிறோம்? என் கணக்கில் பாதி முடிவு இதிலேயே வந்துவிடும். புது அட்டைப்பெட்டி, மளிகைக் கடையில் வாங்கின பழைய பெட்டி, பிளாஸ்டிக் சாக்கு, தெர்மாகோல், ஓலை, பிவிசி குழாய் எல்லாம் ஒன்றல்ல. மறுசுழற்சிக் காகிதத்தில் செய்த மலிவுப் பெட்டியின் மேல்தாளில் இழைகள் குட்டையாக இருக்கும், தூசியும் சேர்ந்திருக்கும். பசை தாளைப் பிடிப்பதற்குள் தூசியைப் பிடித்துக்கொள்ளும்.

எடை எவ்வளவு, அது எங்கே உட்காருகிறது? பத்து கிலோ துணி பெட்டிக்குள் பரவி நிற்கும். பத்து கிலோ கருப்பட்டி அடியில் ஒரே இடத்தில் கல்லாகக் கிடக்கும். இரண்டுக்கும் ஒரே டேப் போதாது. ஸ்பீடு போஸ்ட்டில் 35 கிலோ வரை எடுக்கிறார்கள் என்பதற்காக 35 கிலோவையும் ஒரே பெட்டியில் திணிப்பது இன்னொரு வம்பு. இரண்டாகப் பிரித்தால் டேப் பிரச்சினை பாதி தீர்ந்துவிடும்.

எத்தனை கை மாறுகிறது? 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நின்றதிலிருந்து 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கும் வரை, ராமேஸ்வரம் தீவிலிருந்து ரயிலில் போக வேண்டிய பெட்டிகூட மண்டபம் வரை வேனில் வந்து மறுபடி ஏறியது. இப்போதும் ஆட்டோ, பஸ் பார்சல், லாரி செட் என்று மூன்று நான்கு கை மாறித்தான் பல பெட்டிகள் போகின்றன. ஒவ்வொரு கையும் ஒருமுறை தூக்கிப் போடும்.

எந்த மாதம்? ஐப்பசி, கார்த்திகை மழையில் அட்டையே ஈரம் குடித்துவிடும். ஈரம் ஏறிய பெட்டி, காய்ந்த பெட்டி தாங்குவதில் பாதியைக்கூடத் தாங்காமல் போகலாம். அந்த நிலையில் டேப்போடு சேர்ந்து அட்டையின் மேல்தாளே உரிந்து வந்துவிடும், டேப்பைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

மறைந்திருக்கும் செலவு என்ன? சுருளின் விலையை மட்டும் பார்க்காதீர்கள். ஒரு பெட்டிக்கு எத்தனை மீட்டர் போகிறது, கருவி வாங்க வேண்டுமா, பிரிக்கிறவர் என்ன பாடு படுவார் என்பதெல்லாம் கணக்கில் வர வேண்டும்.

## பிரவுன் டேப்

எல்லோர் வீட்டிலும் இருப்பது. பாலிபுரொப்பிலீன் என்கிற பிளாஸ்டிக் தாளில் பசை தடவியது. அகலம் 48 மில்லிமீட்டர், அதாவது கிட்டத்தட்ட இரண்டு அங்குலம். மூன்று அங்குலத்திலும் கிடைக்கும். 40 மைக்ரானிலிருந்து 50 மைக்ரான் வரை பல கனத்தில் வருகிறது. ஒரு அங்குல அகலம் சுமார் 10 முதல் 12 கிலோ இழுப்பைத் தாங்கும். இது குறைச்சலே இல்லை. இதன் பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது: நன்றாக நீளும், ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டு விழுந்தால் சட்டென்று குறுக்கே கிழிந்து போகும்.

பசையிலும் இரண்டு வகை பரவலாக உண்டு. அக்ரிலிக் பசை வெயிலையும் நாள்படுவதையும் பொறுத்துக்கொள்ளும். ஆனால் பிடிக்க நேரம் எடுக்கும், தூசிப் பெட்டியில் சோர்ந்துவிடும். ஹாட்மெல்ட் என்கிற ரப்பர் வகைப் பசை வைத்த உடனே கவ்வும், மோசமான அட்டையிலும் பிளாஸ்டிக் சாக்கிலும் கொஞ்சம் நன்றாகவே பிடிக்கும். சூடு ஏறினால் இளகி, கனத்த பெட்டியில் டேப் மெல்ல நகரும். உள்ளூர் கடைச் சுருளில் எந்தப் பசை என்று பெரும்பாலும் எழுதியிருக்காது. அதற்கு ஒரு சோதனை: நீங்கள் அனுப்பப் போகிற அதே பெட்டியில் ஒரு துண்டை ஒட்டி, அழுத்தித் தேய்த்து, ஒரு நாள் விட்டு இழுங்கள். அட்டையின் இழை டேப்போடு வந்தால் பிடித்திருக்கிறது. சுத்தமாக உரிந்து வந்தால் அந்த ஜோடி சரிப்படாது. டேப்பையோ பெட்டியையோ மாற்றுங்கள். தகரக் கூரைக்கு அடியில் ஒரு மதியம் வைத்தும் பார்த்துவிட்டால் லாரிச் சூட்டுக்கும் விடை கிடைத்துவிடும்.

மறைவான செலவு: மலிவுச் சுருளில் உள் அட்டைக் குழாய் தடிமனாக இருக்கும். வெளியே பார்க்கப் பெரிய சுருள், உள்ளே டேப் கொஞ்சம்தான். 65 மீட்டர் என்று அச்சடித்திருந்தாலும் ஒரு சுருளை அளந்து பார்ப்பது நல்லது. மெல்லிய டேப்பை மூன்று அடுக்கு சுற்றுகிறவர்கள் 50 மைக்ரானில் ஒரு அடுக்குப் போட்டால் அதைவிடக் குறைவாகத்தான் செலவாகும்.

எப்போது இது போதும்: பத்து கிலோவுக்குள், புது அட்டைப்பெட்டி, சரக்கு பரவலாக உட்காரும் என்றால் தாராளமாகப் போதும். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற நம் முண்டு மிளகாய் எடை குறைவு, இடம் அதிகம். அதற்கு நூல் டேப் வாங்குவது வெட்டிச் செலவு. ஒட்டுகிற முறை மட்டும் சரியாக இருக்க வேண்டும். நடு இணைப்பில் ஒரு பட்டை, இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு பட்டை, மேலும் கீழும். பட்டையின் நுனி பக்கச் சுவரில் இரண்டு மூன்று அங்குலமாவது இறங்க வேண்டும். கையால் அழுத்தித் தேய்க்காமல் விட்ட டேப் பாதி ஒட்டிய டேப்தான். இந்த வகைப் பசைகள் அழுத்தத்தில்தான் பிடிக்கும்.

## நூல் டேப்

ஃபிலமென்ட் டேப் என்பது இதுதான். பிளாஸ்டிக் தாளுக்குள் நீளவாக்கில் கண்ணாடி இழைகள் ஓடும், வெள்ளைக் கோடுகளாகத் தெரியும். ஹார்டுவேர் கடையில் வெறுமனே "ஃபைபர் டேப்" என்று கேட்டால் சுவர் விரிசலுக்கு ஒட்டும் வலை டேப்பைக் கொடுத்துவிடுவார்கள். பேக்கிங் கடையில் கேளுங்கள்.

சாதாரண ரகம் ஒரு அங்குல அகலத்தில் சுமார் 45 கிலோ இழுப்பைத் தாங்கும். தடித்த ரகம் 150 கிலோவுக்கு மேலும் போகும். பிரவுன் டேப்பின் பலவீனங்கள் இரண்டும் இதில் இல்லை: ஓரத்தில் வெட்டு விழுந்தாலும் அடுத்த இழை அந்தக் கிழிசலை நிறுத்திவிடும், இழுத்தால் கிட்டத்தட்ட நீளவே நீளாது. அடியில் கனம் உட்காரும் பெட்டிக்கு இந்த நீளாத குணம் மிக முக்கியம். பெட்டியின் அடி தொங்க ஆரம்பிப்பதையே இது தடுக்கிறது.

இனி குறைகளுக்கு வருவோம், இவை கொஞ்சம் அதிகம்.

நூல் நீளவாக்கில் மட்டும் ஓடும் ரகம் நீளவாக்கில் பிளக்கும். பல திசையில் இழுபடும் கட்டுகளுக்குக் குறுக்கிலும் நூல் ஓடும் ரகம் வாங்க வேண்டும், அதற்கு விலை கூட. பசை பெரும்பாலும் ரப்பர் வகைதான். ஆக, சூட்டில் இளகுவதும் எண்ணெயில் வழுக்குவதும் இதற்கும் உண்டு. வெயிலில் நாள்கணக்கில் கிடந்தால் பசை கெடும். கையால் கிழிக்க முடியாது, நல்ல கத்தரிக்கோல் வேண்டும். வெட்டும்போது உதிரும் கண்ணாடி இழைத் துணுக்கு கையில் பட்டால் அரிக்கும். சாப்பாட்டுச் சரக்கைத் திறந்து வைத்துக்கொண்டு அதன் பக்கத்தில் வெட்ட வேண்டாம். பிரிக்கும்போது அட்டையின் மேல்தாளை, அச்சடித்த பெயரோடு, உரித்துக்கொண்டு வரும். மறுபடி பயன்படுத்த நினைக்கும் பெட்டிக்கு ஆகாது.

முக்கியமான ஒன்று: இதை மூடுகிற டேப்பாக நினைக்காதீர்கள். கனத்தைத் தாங்கும் பெல்ட்டாக நினையுங்கள். இணைப்பின்மேல் நீளமாக ஒட்டினால் அதன் பலம் பாதிக்கு மேல் வீணாகிறது, ஏனென்றால் அங்கே இழுவை குறுக்கே வருகிறது. பிரவுன் டேப்பால் மூடிவிட்டு, அதற்குக் குறுக்காக நூல் டேப்பைப் பெட்டியைச் சுற்றி வர விட்டு, நுனி தன்மேலேயே ஏறும்படி முடிக்க வேண்டும். அட்டை ஈரமாகி மேல்தாள் உரிந்தாலும் சுற்று முழுசாக நிற்கும்.

கணக்கு இப்படி வரும். 45 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரமுள்ள பெட்டி. நடு இணைப்புகளுக்கும் ஓரங்களுக்கும் மேலும் கீழும் சேர்த்துப் பிரவுன் டேப் சுமார் 2.8 மீட்டர் போகும். 65 மீட்டர் சுருளில் 23 பெட்டி. நூல் டேப்பில் இரண்டு சுற்று, நுனி ஏறுவதையும் சேர்த்தால் 2.6 மீட்டர். 50 மீட்டர் சுருளில் 19 பெட்டி. உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள். பெட்டிக்கு ஆகும் கூடுதல் செலவு, உடைந்து திரும்பும் ஒரு கருப்பட்டிப் பார்சலின் நஷ்டத்தோடு ஒப்பிட்டால் பெரிதாகத் தோன்றாது. இலேசான பெட்டிகளுக்கு அதே செலவு வாராவாரம் வெளியே போகிற காசு.

எப்போது நல்லது: 10 முதல் 25 கிலோ வரை, சரக்கு கனமாக அடியில் உட்காருமென்றால். அப்புறம் ஒரே அளவான குழாய், கம்பி, மரச்சட்டம் போன்ற கட்டுகள். குழாயின்மேல் பசைத் தடம் விழாமலிருக்க, அடியில் ஒரு காகிதப் பட்டையைச் சுற்றிவிட்டு அதன்மேல் டேப் போடலாம்.

## தண்ணீர் தொட்டு ஒட்டும் பேப்பர் டேப்

பழுப்புக் காகிதத்துக்குள் இழை வைத்து, பின்னால் மாவுப் பசை தடவிய டேப். ஈரம் பட்டதும் பசை அட்டையின் இழைக்குள் இறங்கிப் பிடிக்கும். அதன்பின் பெட்டியைக் கிழிக்காமல் பிரிக்க முடியாது, எனவே வழியில் யாரும் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். அட்டையோடு சேர்த்தே பழைய பேப்பருக்கும் போடலாம்.

கேட்க நன்றாக இருக்கிறது. நம் கரையில் எனக்கு இதில் நம்பிக்கை குறைவு. சுருளையே கடற்காற்று ஈரம் பிடித்து, அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். காற்றுப் புகாத டப்பாவில் வைக்க வேண்டும். ஈரம் தடவ ஒரு சாதனம் வேண்டும். ஸ்பாஞ்சில் தொட்டு ஒட்டினால் ஒரு இடத்தில் ஈரம் அதிகம், இன்னொரு இடம் காய்ந்து கிடக்கும். பிளாஸ்டிக்கிலும் பளபள மேல்தாள் போட்ட பெட்டியிலும் ஒட்டவே ஒட்டாது. தினமும் நிறையப் புதுப் பெட்டி போடுகிற, கூரையடியில் காய்ந்த அறையுள்ள கடைக்குச் சரி. வீட்டு அளவில் வியாபாரம் செய்கிறவருக்கு வேண்டாம்.

## துணி டேப்

கையால் கிழிக்கலாம், சொரசொரப்பான இடத்திலும் பிடிக்கும், வளைவில் மடங்கும். ஆனால் நூல் டேப் அளவுக்குப் பலமில்லை, வெயிலில் சீக்கிரம் வறண்டுபோகும், உரித்தால் பிசுபிசுப்பை விட்டுச் செல்லும். பெட்டியின் கிழிந்த மூலைக்கு ஒட்டுப்போட, மடித்த வலையின் நுனி அவிழாமல் தற்காலிகமாகப் பிடிக்க, இவ்வளவுக்கு ஒரு சுருள் கையிருப்பில் இருந்தால் போதும்.

## பட்டையும் கயிறும்

பெட்டியைச் சுற்றி இறுக்கிக் கட்டுகிற பிளாஸ்டிக் பட்டைக்கு (ஸ்ட்ராப்) பசையே வேண்டாம். ஈரம், எண்ணெய், தூசி எதுவும் அதை ஒன்றும் செய்யாது. 12 மில்லிமீட்டர் பட்டையில் நல்ல ரகம் 100 கிலோ அளவில் தாங்கும். 25 கிலோவைத் தாண்டினால் நான் நேராகப் பட்டைக்குப் போய்விடுவேன். இழுத்துக் கட்டும் கருவியும் கிளிப்பும் அதை நசுக்கும் கருவியும் வாங்க வேண்டும், அது ஒருமுறைச் செலவு. மாதத்துக்கு நாலு பெட்டி அனுப்புகிறவருக்கு அந்தக் காசு எழாது. லாரி செட்டிலேயே கட்டித் தரச் சொல்லிக் கூலி கொடுப்பது மேல். பட்டை ஈர அட்டையின் விளிம்பை அறுத்துக்கொண்டு உள்ளே இறங்கும், எனவே நாலு மூலையிலும் மடித்த அட்டைத் துண்டு வைக்காமல் கட்டாதீர்கள். இழுத்துக் கட்டிய இறுக்கமும் நாளாக ஆகக் கொஞ்சம் தளரும்.

ஏற்றி இறக்குகிறவர்களின் பழக்கத்தையும் சொல்ல வேண்டும். பெட்டியில் பிடிப்பதற்கு எது அகப்பட்டாலும் அதுதான் கைப்பிடி. பட்டையைப் பிடித்துத்தான் தூக்குவார்கள். அது தாங்கும், டேப் தாங்காது. அந்த வகையில் நைலான் கயிறும் மோசமில்லை. பழசு என்று ஒதுக்குகிறோம், ஆனால் தளர்ந்தால் மறுபடி இறுக்கிக் கட்ட முடிவது கயிறு ஒன்றைத்தான். காயக் காயச் சுருங்கும் சரக்குக்கு, பச்சை மூங்கிலோ ஓலையோ, இந்த வசதி பெரிது. நூல் டேப் நீளாது என்பது அங்கே குறையாகிவிடும்: கட்டு சுருங்கும், டேப் அப்படியே நிற்கும், நடுவிலிருந்து குச்சிகள் ஒவ்வொன்றாக நழுவும்.

| வகை | 1 அங்குல அகலம் தாங்கும் இழுப்பு | எங்கே கைவிடும் | கூட வாங்க வேண்டியது |
|---|---|---|---|
| பிரவுன் டேப் | சுமார் 10–12 கிலோ | தூசி, எண்ணெய், ஓரத்தில் வெட்டு | எதுவும் இல்லை |
| நூல் டேப் | சுமார் 45 முதல் 150 கிலோவுக்கு மேல் | எண்ணெய், சூடு, சுருங்கும் கட்டு | நல்ல கத்தரிக்கோல் |
| பேப்பர் டேப் | அட்டை தாங்கும் வரை | பிளாஸ்டிக், பளபள அட்டை, ஈரச் சேமிப்பு | ஈரம் தடவும் சாதனம், மூடிய டப்பா |
| துணி டேப் | நூல் டேப்பைவிடக் குறைவு | வெயில், நீண்ட நாள் | எதுவும் இல்லை |
| பட்டை | 12 மி.மீ. நல்ல ரகம் சுமார் 100 கிலோ | ஈர அட்டையின் விளிம்பு | இழுப்புக் கருவி, கிளிப், மூலைத் துண்டு |

## நம் சரக்குக்கு வந்தால்

கருப்பட்டி. ஈரம் பட்டால் கசியும். முதலில் உள்ளே தடித்த பிளாஸ்டிக் பை, அதற்கு வெளியே ஐந்து அடுக்கு அட்டைப்பெட்டி. பிரவுன் டேப்பால் மூடி, நூல் டேப் இரண்டு சுற்று. பெட்டிக்கு 15 கிலோவோடு நிறுத்திக்கொண்டால் தூக்குகிறவரும் திட்டமாட்டார்.

கருவாடு. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், எண்ணெய் உள்ளிருந்து அட்டைக்குக் கசியும். இரண்டும் சேர்ந்தால் எந்தப் பசையும் தோற்றுவிடும். கைக்கு அடக்கமாக இறுக்கி மூடிய இரட்டைப் பை இல்லாமல் டேப்பைப் பற்றிப் பேசியே பயனில்லை. டேப் ஒட்டுவதற்கு முன் கையைக் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள். கருவாடு அள்ளின கையாலேயே டேப்பின் நுனியைப் பிடித்தால் அந்த நுனிதான் முதலில் கழலும்.

கடல்பாசி, மிளகாய் மூட்டை. சாக்குக்கு டேப் வேண்டாம். கோணி ஊசியும் சணலும்தான். பின்னல் பிளாஸ்டிக் சாக்கில் டேப் ஒட்டியது போலவே இருக்கும், ஏற்றும்போது கழலும்.

ஐஸ் போட்ட தெர்மாகோல் பெட்டி. வெளியே வியர்த்த பிறகு ஒட்டினால் எதுவும் பிடிக்காது. ஐஸ் போடுவதற்கு முன்பே டேப்பின் முதல் முனையை ஒட்டி வைத்துக்கொண்டு, மூடியதும் ஒன்றரைச் சுற்று வரவிட்டு, டேப்மீதே டேப் ஏறும்படி முடியுங்கள்.

ஓலைப்பெட்டிகள், பாய்கள். ஓலையில் நேராக டேப் பட்டால் உரிக்கும்போது நார் கிழியும். காகிதம் சுற்றி, கயிறு.

எந்த டேப் வாங்கினாலும் சுருளை மணலில் வைக்காதீர்கள். பக்கவாட்டில் ஒட்டிய மணல், சுருள் தீரும் வரை ஒவ்வொரு பட்டையின் ஓரத்திலும் வரும். ஓரம் ஒட்டாத டேப் அங்கிருந்துதான் உரியத் தொடங்கும். பிளாஸ்டிக் பையில் போட்டு, வெயில் படாமல் வையுங்கள்.

துபாய்ப் பெட்டி. கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் இதற்கென்று ஒரு கலையே உண்டு: பிரவுன் டேப்பைப் பெட்டி தெரியாத அளவுக்குச் சுற்றி, அதன்மேல் கயிறு. சில விமான நிறுவனங்கள் கயிறு கட்டிய பெட்டியை ஏற்பதில்லை. பெல்ட்டில் சிக்கும் என்பது காரணம். முழுக்கச் சுற்றினால் பலம் கூடும் என்பதும் உண்மையில்லை, மூலை இடிபட்டால் மொத்தமும் கிழியும். அனுமதித்த எடை 30 கிலோ என்றால் பெட்டி 29-ல் நிற்கட்டும். ஐந்து அடுக்குப் புதுப் பெட்டி, ஓரங்களில் பிரவுன் டேப், குறுக்கே மூன்று சுற்று நூல் டேப். 25 கிலோவைத் தாண்டினாலும் இதற்கு மட்டும் பட்டை வேண்டாம், வழியில் அறுத்தால் மறுபடி கட்டக் கருவி கையில் இருக்காது. சுங்கத்தில் திறந்து பார்த்தால் மறுபடி ஒட்ட வேண்டியிருக்கும், கத்தரிக்கோலைக் கைப்பையில் கொண்டுபோகவும் முடியாது. அதனால் நூல் டேப்பில் ஒரு மீட்டர் அளவுத் துண்டுகள் இரண்டை வெட்டி, மெழுகுத்தாளில் ஒட்டி, சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.